‘இன்றைக்கு வேண்டாம்’ என்று சொன்னவர்களுக்கு

சுப்பீரியர் ஏரிக்கரையில் வாழும் அன்பர்களுக்கு,



உங்களுக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும் என்று நெடுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். மினியாப்பொலிஸில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பம் நாங்கள். பள்ளி விடுமுறை விட்டால் போதும், வண்டியை வடக்கே திருப்பிவிடுவோம். இரண்டரை மணி நேரத்தில் டுலூத் மலைமுகட்டை எட்டிவிடலாம். அங்கிருந்து கீழே பார்த்தால், ஊர் முடிகிற இடத்தில் தண்ணீர் தொடங்கி வானம்வரை போய்ச் சேரும். அந்தத் தண்ணீரைக் காட்டியதற்கும், அதில் துடுப்புப் போடக் கற்றுக்கொடுத்ததற்கும், கரையெல்லாம் நடைபாதை வெட்டி வைத்ததற்கும் எத்தனையோ பேர் உங்களுக்கு நன்றி சொல்லியிருப்பார்கள். அதையெல்லாம் நானும் வழிமொழிகிறேன். ஆனால் இந்த மடலை எழுத உட்கார்ந்தது வேறொன்றுக்காக. நீங்கள் எங்களைப் பல இடங்களில் தடுத்தீர்கள், திருப்பி அனுப்பினீர்கள், சில கதவுகளை முகத்துக்கு நேரே சாத்தினீர்கள். அதற்குத்தான் நன்றி.

கேட்கக் கொஞ்சம் குதர்க்கமாக இருக்கும். விளக்கிவிடுகிறேன்.

விஸ்கான்சின் கரையில், பேஃபீல்டுக்கு மேற்கே மேயர்ஸ் பீச். அங்கிருந்து கயாக்கில் கிளம்பினால், அலை குடைந்து குடைந்து தூணும் வளைவுமாகச் செதுக்கி வைத்திருக்கும் செம்மணற்கல் குகைகளுக்குள் போய்வரலாம். ஜூன் மாதம், நல்ல வெயில், கரையில் முழங்காலளவு அலைகூட இல்லை. பணம் கட்டி, உடம்பைப் பிடிக்கும் வெட்சூட்டுக்குள் மூச்சைப் பிடித்து நுழைந்து, லைஃப் ஜாக்கெட்டும் மாட்டி வரிசையில் நிற்கிறோம். வழிகாட்டியாக வந்த இளம்பெண் போனில் அலை அளவைப் பார்த்தார். தலை நிமிர்ந்து வடகிழக்கைப் பார்த்தார். மறுபடி போன். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, இன்றைக்கு வேண்டாம் என்றார். பணம் முழுவதும் திரும்பி வரும், மன்னியுங்கள் என்றார். அவ்வளவுதான்.

எங்கள் மகளின் முகம் விழுந்துவிட்டது. அந்தப் பெண் அதைக் கவனித்தார். வா என்று அவளைத் தண்ணீர் ஓரத்துக்குக் கூட்டிப்போய், முழங்கைவரை கையை உள்ளே விடச் சொன்னார். நான் சொல்லும்வரை எடுக்கக் கூடாது என்றார். சற்று நேரத்தில் மகள் பல்லைக் கடித்தாள். கையை எடுத்ததும், இப்போது உன் லைஃப் ஜாக்கெட் கிளிப்பைக் கழற்றி மாட்டு பார்க்கலாம் என்றார் அவர். விரல்கள் சிவந்து விறைத்திருந்தன. கிளிப் கையில் கிடைக்கிறது, அழுத்த முடியவில்லை. ஒரு பிளாஸ்டிக் கிளிப்போடு அவள் மல்லுக்கட்டியதை நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அவர் விளக்கியது சுருக்கமானது. குளிர்நீரில் விழுந்தவருக்கு முதல் ஒரு நிமிடம் மூச்சை வசப்படுத்துவதிலேயே போய்விடும். அடுத்த பத்து நிமிடம்தான் கைகால் சொன்னபடி கேட்கும். நினைவு தப்ப ஒரு மணி நேரம்வரை ஆகும். ஒன்று, பத்து, ஒன்று. அதோடு, கரையில் முழங்காலுக்குக் கீழே இருக்கும் அலை குகைப்பக்கம் அப்படி இருக்காது. செங்குத்துப் பாறையில் மோதித் திரும்பும் அலையும் புதிதாக வரும் அலையும் சந்திக்கும் இடத்தில் படகு இரண்டுக்கும் நடுவே மாட்டும். ஒதுங்கலாம் என்றால் மணல்கரை கிடையாது; வெறும் பாறைச்சுவர். உங்கள் ஊர்க் கோடை மூன்று மாதம்கூடத் தேறாது. அதில் ஒரு நாள் வருமானத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்தப் பெண் அடுத்த குழுவுக்கும் அதையே சொல்லக் கிளம்பினார். உங்கள் ‘வேண்டாம்’ ஒவ்வொன்றுக்கும் உங்கள் பையிலிருந்தே பணம் போகிறது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இந்த எச்சரிக்கை எல்லாம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு உங்கள் ஏரியின் அளவுகளே பதில். பரப்பு 82,100 சதுர கிலோமீட்டர். உலகின் நன்னீர் ஏரிகளில் பரப்பால் இதை மிஞ்சியது இல்லை. நீளம் 563 கிலோமீட்டர், அகலம் 257. மிக ஆழமான இடத்தில் 406 மீட்டர். ஏரியின் நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு 183 மீட்டர் மேலே இருக்க, அடித்தரை கடல்மட்டத்துக்கு 200 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. மிஷிகன், ஹியூரான், ஈரி, ஒன்டாரியோ என்ற மற்ற நான்கு பேரேரிகளின் நீரையும் கொண்டுவந்து இதற்குள் ஊற்றினாலும் இடம் மிஞ்சும். உலகின் நிலப்பரப்பில் தேங்கிய நன்னீரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இங்கேதான் இருக்கிறது. ஆண்டு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் இந்த நீரின் சராசரி வெப்பநிலை சுமார் 4 பாகை செல்சியஸ். கோடையில் நகரம் வியர்த்துக்கொண்டிருக்கும்போது உங்கள் வானிலை அறிவிப்பு ‘ஏரியோரம் குளிர்ச்சி’ என்று முடியும். அந்த இரண்டு சொல்லை நம்பாமல் அரைக்கை சட்டையோடு வந்து நடுங்குபவர்களை டுலூத்தின் கனால் பார்க் கரையில் எந்த ஜூலையிலும் காணலாம்.

இவ்வளவு பெரிய நீர் சும்மா இருப்பதில்லை. கடலைப் போல் குறித்த நேரத்துக்கு ஏறி இறங்குவது கிடையாது. ஆனால் காற்றும் காற்றழுத்தமும் மாறினால் ஏரி முழுவதும் தாம்பாளத்துத் தண்ணீர் மாதிரி இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாகத் தளும்பும். வடகிழக்கிலிருந்து காற்று வீசினால், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தடையில்லாமல் உருண்டு வரும் அலை டுலூத் மூலையில் வந்து குவியும். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, பார்க் பாயிண்ட் மணலில் இறங்கிய உடனே மூக்கைச் சுருக்கி, “இவ்வளவு அலை அடிக்குது, கடல் வாடையே வரலியே” என்றார். அன்றைக்குக் கம்பத்தில் சிவப்புக் கொடி. அந்த நீண்ட மணல்திட்டின் ஓரத்தில் அலை திரும்பும்போது ஆளை உள்ளே இழுக்கும் நீரோட்டம் உண்டாகும் என்று பலகை வைத்திருந்தீர்கள். கொடி பறந்தது, தண்ணீரில் ஒருவரும் இல்லை. உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் பந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். கொடியை மதிக்கும் பழக்கம் அந்த வயதிலேயே அவர்களுக்கு வந்துவிடுகிறது.

ஏரி உருவான கதையைச் சொல்லித் தந்ததற்கும் நன்றி. பூங்காக்களில் உங்கள் ரேஞ்சர்கள் ஒரு கைப்பிடிக் கல்லை வைத்துக்கொண்டே அதைச் சொல்லிவிடுகிறார்கள். சுமார் 110 கோடி ஆண்டுகளுக்கு முன் வட அமெரிக்கக் கண்டம் நடுவில் பிளக்கத் தொடங்கியது. பிளவின் வழியே எரிமலைக்குழம்பு அடுக்கடுக்காகப் பொங்கி உறைந்தது. பிளவு பாதியில் நின்றுபோனது. குழம்பின் கனத்தில் நடுப்பகுதி கீழே அமிழ்ந்தது. பள்ளத்தில் மணலும் வண்டலும் நிரம்பின. வடக்கே ஐல் ராயல் தீவிலும் தெற்கே கீவனா தீபகற்பத்திலும் தலைகாட்டுவது ஒரே பாறை அடுக்கின் இரு விளிம்புகள்; நடுப்பாகம் ஏரிக்கு அடியில் குழிந்து கிடக்கிறது. பிறகு வெகுகாலம் கழித்துப் பனியுகங்களின்போது பனிப்பாளங்கள் வந்தன. கிலோமீட்டர் கணக்கில் தடிமனான பனி, கடினமான எரிமலைப் பாறையை விட்டுவிட்டு, நடுவில் இருந்த மெத்தென்ற மணற்கல்லைச் சுரண்டி எடுத்தது. அது பின்வாங்கியபோது உருகிய நீர் தேங்கிய பள்ளம்தான் இன்றைய ஏரி. சுமார் பத்தாயிரம் ஆண்டு வயது என்று சொல்லலாம்.

டுலூத்தின் மலைமேல் ஓடும் ஸ்கைலைன் பார்க்வே சாலை ஏறத்தாழ அந்தப் பழைய பனியுக ஏரியின் கரையை ஒட்டியே போகிறது. இன்றைய நீர்மட்டத்திலிருந்து சுமார் 150 மீட்டர் உயரத்தில் ஒரு காலத்தில் அலை அடித்திருக்கிறது. பனியின் பாரம் இறங்கிய நிலம் இன்னும் மெல்ல எழும்பிக்கொண்டிருக்கிறது. வடகிழக்குப் பக்கம் வேகமாக எழுவதால் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக டுலூத் பக்கம் சாய்கிறது. செயின்ட் லூயிஸ் ஆற்றின் கழிமுகம் மூழ்கி அகன்றது அதனால்தான். நாம் அசையாத நிலம் என்று நினைத்துக் கூடாரம் அடிக்கும் கரை, பனி போன பிறகும் பழைய நிலைக்குத் திரும்பி முடிக்கவில்லை.

எரிமலைக்குழம்பில் அடைபட்ட வாயுக் குமிழிகளின் வெற்றிடத்தில் சிலிக்கா படிந்து படிந்து உருவானவை உங்கள் அகேட் கற்கள். இரும்பு அவற்றுக்குச் சிவப்பு கொடுத்தது. பனிப்பாளம் அவற்றைப் பாறையிலிருந்து பிடுங்கித் தெற்கே ஐயோவாவரை இறைத்துவிட்டுப் போனது. 1969இல் மினசோட்டா அதைத் தன் மாநிலக் கல்லாக அறிவித்தது. கூழாங்கல் கரையில் குனிந்தபடி நடந்த ஒரு பெரியவர் எங்கள் பிள்ளைகளுக்கு அதைத் தேடும் முறையைச் சொல்லிக்கொடுத்தார்: வெயில் சாய்ந்த நேரத்தில், சூரியனைப் பார்த்த மாதிரி நட, அலை நனைத்துவிட்டுப் போன கல்லை மட்டும் பார், நிறத்தைத் தேடாதே, வெளிச்சம் உள்ளே புகுந்து நிற்கிற கல்லைத் தேடு. சிறிது நேரத்தில் மகன் கட்டைவிரல் நகத்தளவில் ஒன்றைக் கண்டெடுத்தான். வெளிச்சத்தில் பிடித்தால் தேன் நிறம்; ஓரத்தில் முடி போன்ற வரிகள். அந்தப் பெரியவர் அவன் முதுகில் தட்டிவிட்டு, மாநிலப் பூங்காவுக்குள் போனால் ஒரு கல்லையும் எடுக்காதே, அங்கே எடுக்கக் கூடாது என்றார். கற்றுக்கொடுத்த கையோடு கைக்குக் காவலும் போட்டுவிட்டார்.

சுப்பீரியர் நடைபாதையும் அப்படித்தான். விஸ்கான்சின் எல்லையிலிருந்து கனடா எல்லைவரை, ஏரியைக் கீழே வைத்துக்கொண்டு மலைமுகடு மலைமுகடாக 480 கிலோமீட்டருக்கும் மேல் போகும் பாதை. அதைக் கவனிக்கும் சங்கம் 1986இல் தொடங்கியது. விழுந்த மரத்தை அறுப்பதும், சேற்றின்மேல் பலகை போடுவதும் தன்னார்வலர்கள். பாதையில் சில பகுதிகள் தனியார் நிலத்தில், உரிமையாளரின் சம்மதத்தில் ஓடுகின்றன. சம்மதம் போனால் பாதை வேறு வழி பார்த்துக்கொள்கிறது. பனி உருகும் வசந்த காலத்தில், சேறு காயும்வரை தயவுசெய்து வராதீர்கள் என்று பாதையைப் போட்டவர்களே கேட்டுக்கொள்கிறார்கள். இதே கரையில் உள்ள கூஸ்பெரி அருவியில் 1930களின் வேலையில்லாத் திண்டாட்டக் காலத்து இளைஞர்கள் கல் அடுக்கிக் கட்டிய சுவர்கள் இன்னும் நிற்கின்றன. உழைத்துக் கட்டியவர்களுக்குத்தான் எங்கே கயிறு கட்ட வேண்டும் என்றும் தெரிகிறது.

ஐல் ராயல் தேசியப் பூங்காவை எண்ணிப் பார்க்கிறேன். 1940இல் நிறுவப்பட்டது. படகிலோ நீர்விமானத்திலோதான் போக முடியும். கார் கிடையாது; நாய் கொண்டுபோகக் கூடாது, தீவின் ஓநாய்களுக்கு நோய் தொற்றிவிடும். நவம்பர் முதல் ஏப்ரல் நடுப்பகுதிவரை தீவையே பூட்டிவிடுகிறார்கள். அங்கே 1958இலிருந்து ஓநாயும் மூஸ் மானும் ஒன்றையொன்று எப்படிப் பாதிக்கின்றன என்று ஆராய்ந்துவருகிறார்கள். ஓநாய்கள் அற்றுப்போகும் நிலை வந்தபோது 2018, 2019 ஆண்டுகளில் வெளியிலிருந்து 19 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். நாங்கள் அங்கே இரவு தங்கியபோது லூன் என்ற நீர்ப்பறவையின் குரல் மட்டும் கேட்டது. பயணிகள் வராத ஐந்தரை மாதம்தான் அந்தத் தீவை இப்படி வைத்திருக்கிறது.

குளிர்காலத்திலும் நீங்கள் வீட்டுக்குள் முடங்குவதில்லை. வடகிழக்குக் காற்று பனியோடு அடிக்கும் நாளில் டுலூத்துக்கு அருகே ஸ்டோனி பாயிண்டில் கருப்பு வெட்சூட்டும், தாடியில் பனிக்கட்டியுமாகச் சிலர் அலைமேல் சறுக்குவதைப் பார்த்து நாங்கள் வாயடைத்து நின்றோம். அவர்களும் தனியாக இறங்குவதில்லை. ஒருவர் இறங்கினால் இன்னொருவர் கரையில் கண்ணெடுக்காமல் நிற்கிறார். பின்லாந்திலிருந்து வந்து குடியேறியவர்களின் வழியில், சானா அறையில் வெந்துவிட்டு ஏரியில் ஒரு முங்கு போடுவதையும் எங்களுக்குக் காட்டினீர்கள். 2014இல் ஏரி நன்றாக உறைந்தபோது, அப்போஸ்தல் தீவுகள் பூங்காவைச் சேர்ந்த அதே மேயர்ஸ் பீச் குகைகளுக்கு மக்கள் பனிமேல் நடந்தே போனார்கள். அந்தக் குளிர்காலத்தில் மட்டும் சுமார் 1,38,000 பேர். பனிக்கட்டி நம்பத் தகாததாக மாறியதும் பூங்காக்காரர்கள் தயங்காமல் வழியை மூடினார்கள். பேஃபீல்டிலிருந்து மேடலின் தீவுக்குப் பனிமேல் கார் ஓட்டும் சாலையில் இருபுறமும் பழைய கிறிஸ்துமஸ் மரங்களை நட்டு எல்லை குறிக்கிறீர்கள். காருக்குத் தாங்காது, படகுக்கும் வழிவிடாது என்ற இடைப்பட்ட நாள்களில், பின்னால் பெரிய காற்றாடி பூட்டிய பனிச்சறுக்கு வண்டியில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி அனுப்புகிறீர்கள். போக வேண்டியவர் போக வழி. போகக் கூடாதவருக்குத் தடை. இரண்டையும் ஒரே கை செய்கிறது.

இந்த எச்சரிக்கை சும்மா வரவில்லை என்பதை நவம்பரில் வந்தால் தெரிந்துகொள்ளலாம். 1905 நவம்பர் 28 அன்று வீசிய புயலில் மட்டாஃபா என்ற கப்பல் டுலூத் துறைமுக வாயிலில் மோதி உடைந்தது. ஊரே கரையில் திரண்டு, தீ மூட்டிவைத்து, ஒன்றும் செய்ய முடியாமல் விடியவிடிய நின்றது. மீட்புப் படகை இறக்க வழியில்லை. கப்பலில் இருந்த ஒன்பது பேர் கண்ணெதிரே குளிரில் மாண்டார்கள். அந்தப் புயல் கொண்டுபோன கப்பல்களை நினைத்துத்தான் ஸ்பிளிட் ராக் பாறைமேல் கலங்கரை விளக்கம் எழுந்தது. சாலையே இல்லாத இடம். கல், மண், இரும்பு அத்தனையையும் கப்பலிலிருந்து பாறைமேல் தூக்கி ஏற்றி 1910இல் விளக்கேற்றினார்கள். 1975 நவம்பர் 10 அன்று இரும்புத்தாது உருண்டைகள் ஏற்றிக்கொண்டு போன எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற கப்பல் புயலில் மூழ்கியது; 29 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. கலங்கரை விளக்கம் 1969இலேயே பணி ஓய்வு பெற்றுவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு நவம்பர் 10 மாலையும் அந்த 29 பேரின் பெயரையும் வாசித்து, மணியடித்து, விளக்கை ஏற்றுகிறீர்கள். அந்தக் குளிரில் உங்களோடு நின்ற பிறகு, மேயர்ஸ் பீச் பெண்ணின் ‘வேண்டாம்’ எத்தனை பேரின் கதையிலிருந்து வந்தது என்று புரிந்தது.

அந்தக் கதைகளுக்கும் முந்திய எச்சரிக்கை ஒன்று உண்டு. ஒன்டாரியோவின் அகாவா பாறையில், தண்ணீரை ஒட்டிய செங்குத்துச் சுவரில், செங்காவியால் அனிஷினாபே மக்கள் வரைந்த கொம்புள்ள பூனை உருவம்: மிஷிபெஷு. நீரின் ஆழத்தில் வாழ்ந்து புயலைக் கிளப்பும் சக்தி. அதைப் பார்க்கச் சாய்ந்த பாறைத்திட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். அலை ஏறிய நாளில் பார்க்க முடியாது. காத்திருந்து பார்க்கச் சொல்கிறார்கள். ஏரியின் மனநிலை சரியில்லாவிட்டால் அதன் சித்திரமும் நமக்குக் கிடையாது என்பது எனக்குப் பொருத்தமாகவே பட்டது. இந்த ஏரியை முதலில் அறிந்த மக்கள் இன்னும் இதன் கரையில் வாழ்கிறார்கள். கிராண்ட் போர்ட்டேஜில் பிஜன் ஆற்று அருவிகளைச் சுற்றித் தோணியும் மூட்டையும் சுமந்து நடந்த பழைய வழி சுமார் 14 கிலோமீட்டர். தோல் வணிகர்கள் வருமுன்பே அது அனிஷினாபே மக்களின் பாதை. அனிஷினாபேயரில் ரெட் கிளிஃப் குழுவினர் 2012இல் ஃப்ராக் பே காட்டையும் கரையையும் தங்கள் பழங்குடி தேசியப் பூங்காவாக்கிப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். எவ்வளவோ நிலத்தை இழந்தவர்கள் மிச்சத்தைப் பகிர்ந்துகொண்டதற்கு என்னுடைய நன்றி அவர்களுக்குத் தனியாக.

தனிமனிதரைத் தடுப்பது எளிது. தொழிலைத் தடுப்பது அப்படியல்ல. அதையும் நீங்கள் செய்திருக்கிறீர்கள். கால்வாய் வழியாக ஏறிவந்த சீ லாம்ப்ரே என்னும் ஒட்டுண்ணி 1938இல் சுப்பீரியரில் தலைகாட்டியது. மீனின் உடம்பில் வாயை ஒட்டி இரத்தம் உறிஞ்சும் விலாங்கு போன்ற உயிர். மிதமிஞ்சிய மீன்பிடிப்பும் சேர்ந்துகொள்ள, லேக் டிரவுட் மீன் ஏறக்குறைய அற்றுப்போனது. 1958இல் ஓடைகளில் லாம்ப்ரேக் குஞ்சுகளை மட்டும் குறிவைக்கும் மருந்தைக் கலக்கத் தொடங்கினார்கள். 1962இல் டிரவுட் வணிக மீன்பிடிப்பை நிறுத்தினார்கள். தலைமுறை தலைமுறையாக வலை வீசிய குடும்பங்களுக்கு அது பெரிய அடி. இன்று அந்த மீன் ஏரியில் பெரும்பாலும் தானாகவே பெருகுகிறது. நைஃப் ரிவரில் புகையில் வாட்டிய டிரவுட்டைக் காகிதத்தில் பொதிந்து வாங்கி, கார் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு சாப்பிடும்போதெல்லாம் அந்த மீனவர்களை நினைத்துக்கொள்கிறேன்.

சில்வர் பேயில் ரிசர்வ் மைனிங் என்ற நிறுவனம் 1950களின் நடுவிலிருந்து இரும்புத்தாதுக் கழிவை நாளொன்றுக்கு 67,000 டன் வரை ஏரியில் கொட்டிவந்தது. 1973இல் டுலூத்தின் குடிநீரில் ஆஸ்பெஸ்டாஸ் போன்ற நுண்ணிழைகள் இருப்பது வெளியே வந்தது. மறு ஆண்டு நீதிபதி மைல்ஸ் லார்ட் ஆலையை மூடச் சொன்னார். மேல்நீதிமன்றம் உடனே அதை நிறுத்திவைத்தது. மூவாயிரம் பேர் அளவில் வேலை பார்த்த நிறுவனம். ஏரியைக் காக்க வேண்டும் என்றவர்களும் அடுப்பெரிய வேண்டும் என்றவர்களும் ஒரே சாலையில் குடியிருந்தவர்கள். வழக்கு இழுத்தடித்து, கடைசியில் 1980இல் கழிவு நிலத்துக்கு மாறியது. இந்த ஏரிக்குள் வரும் ஒரு துளி வெளியேற சராசரியாக 191 ஆண்டு ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். தாமதித்திருந்தால் யார் யாருக்குக் கடன் வைத்துவிட்டுப் போயிருப்போம் என்று எண்ணிப் பாருங்கள்.

1998இல் ஒன்டாரியோ அரசு ஒரு நிறுவனத்துக்கு ஆண்டுக்கு 60 கோடி லிட்டர்வரை இந்த நீரைக் கப்பலில் ஏற்றி ஆசியாவுக்கு விற்க அனுமதி கொடுத்தது. ஏரியின் கொள்ளளவில் அது கணக்கிலேயே வராது. ஆனாலும் இரு நாட்டுக் கரையிலும் எதிர்ப்புக் கிளம்பி அனுமதி ரத்தானது. அதன் தொடர்ச்சியாக 2008இல் எட்டு மாநிலங்களின் உடன்படிக்கை சட்டமானது: சில விதிவிலக்குகள் தவிர, பேரேரிகளின் நீரை அவற்றின் வடிநிலத்துக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. 2003இல் ஜோசஃபின் மண்டமின் என்ற அனிஷினாபே மூதாட்டி செப்புவாளியில் நீரைச் சுமந்துகொண்டு இந்த ஏரியை முழுவதுமாக நடந்தே வலம் வந்தார். பின்னர் மற்ற பேரேரிகளையும். அவர் யாரையும் தடுக்கவில்லை. தண்ணீரைத் தளும்பாமல் தூக்கிச் செல்வதே ஒரு வேலை என்று காட்டிவிட்டுப் போனார்.

வேலை இன்னும் முடியவில்லை என்பது உங்களுக்கே நன்றாகத் தெரியும். 1979க்கும் 2006க்கும் இடையே ஏரியின் கோடைக்கால மேற்பரப்பு சுமார் 2.5 பாகை சூடேறியது. 2012லும் 2018லும், கனமழைக்குப் பின்வந்த நாள்களில், தெளிவுக்குப் பேர்போன தென்கரை நீரில் நீலப்பச்சைப் பாசி படர்ந்தது. பனிச்சாலை போடாமலே போகும் குளிர்காலங்களும் வருகின்றன. இனிமேல் நீங்கள் சொல்ல வேண்டிய ‘வேண்டாம்’ சில உங்களுடைய கரையோடு நிற்காது. மினியாப்பொலிஸில் இருக்கும் எங்களுக்கும், அதைத் தாண்டியும் சொல்ல வேண்டியிருக்கும். தயங்காமல் சொல்லுங்கள். உங்கள் பேச்சுக்குக் கட்டுப்பட்டுப் பழகியவர்கள் நாங்கள்.

மேயர்ஸ் பீச்சில் திரும்பிய அன்று நாங்கள் என்ன செய்தோம் என்று சொல்லவில்லையே. அதே பெண் வரைபடத்தில் காட்டிய பாதையில், குகைகளுக்கு மேலே காட்டு வழியாக நடந்துபோய், பாறை விளிம்பிலிருந்து தள்ளி நின்று கீழே பார்த்தோம். அலை குகைக்குள் புகும்போது காலடியில் பாறை முழங்கியது. அந்த முழக்கத்துக்குள் எங்கள் படகு இருந்திருக்கும். இன்னொரு வருடம், கண்ணாடி போன்ற ஒரு காலையில், அதே குகைக்குள் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு மிதந்தோம். தலைக்குமேல் ஈரக் கல்லில் நீரின் ஒளி நெளிந்தது. இரண்டு நாளையும் நீங்கள்தான் கொடுத்தீர்கள். எது பெரியது என்று கேட்டால் மகள் முதல் நாளைத்தான் சொல்கிறாள்.

வரும் ஜூலையில் ஊரிலிருந்து அண்ணன் குடும்பத்தோடு வருகிறார். கயாக்குக்கு முன்பதிவு செய்தாகிவிட்டது. அவர் காசு கட்டினால் விடாத ஆள். கொஞ்சம் குரல் உயர்த்திப் பேசுவார். அன்றைக்குக் காற்று சரியில்லை என்றால், அவர் முகத்தைப் பார்த்து உங்கள் வழிகாட்டிகள் மனம் மாற வேண்டாம். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுங்கள். அவருக்குப் புரியவைக்க வேண்டியது என் பொறுப்பு. கிளிப்பைப் பற்றிச் சொல்ல மகளும் கூடவே இருப்பாள்.


தெற்கேயிருந்து அடிக்கடி வரும் ஒரு விருந்தாளி
மினியாப்பொலிஸ், மினசோட்டா